தலைமாட்டில் வைத்த கத்தரிக்கோல்

தீவுப்பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிற மருத்துவமாதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றால் எனக்கு வாய் காய்ந்துவிடும். எழுதித் தருகிறேன், குரல் நல்ல பிள்ளையாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டேன். ஆகவே இடையில் கொட்டாவி விடுகிறவர்கள் தாராளமாக விடலாம். எனக்குத் தெரியப்போவதில்லை.

பிள்ளைப்பேறு பார்ப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்கு ஒழுங்காகப் படிப்பித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது உங்கள் பைக்குள் கிடக்கிற சாமான்களைப் பற்றி. அவற்றுக்குப் புத்தகத்தில் ஒரு பெயரும் ஒரு வேலையும் இருக்கும். படகேறி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அதே பெயருக்கு நாலைந்து வேலை வந்து சேர்ந்துவிடும்.

ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வாரமே ஒருத்தி வாசலில் நின்று, ஊசி எப்போது மிஸ்ஸி என்று கேட்பாள். உங்கள் உத்தியோகப் பெயர் என்னவாக இருந்தாலும் இங்கே நீங்கள் மிஸ்ஸிதான், அதைப் பழகிக்கொள்ளுங்கள். அவள் கேட்பது பிள்ளைக்குப் போடுகிற தடுப்பூசியாக இருக்கலாம். கர்ப்பிணிக்குப் போடுவதாக இருக்கலாம். அடுத்த பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்று மாமிக்குத் தெரியாமல் போட்டுக்கொள்கிற ஊசியாகவும் இருக்கலாம். எந்த ஊசி என்று வாசலில் வைத்தே சத்தமாகக் கேட்டீர்களோ, அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. உள்ளே கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, பிறகு கேளுங்கள்.

அடுத்தது ஆயுதம். டொக்டர் கருவி வைத்துத் தலையைப் பிடித்து எடுத்த குழந்தையை இங்கே ‘ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை’ என்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடத்தில் கணக்கைப் பிழையாகச் செய்தாலும் ஆயுதம்தான் காரணம், பந்தடித்து யன்னலை உடைத்தாலும் ஆயுதம்தான் காரணம். சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சொல் இந்த மண்ணில் வேறு எதையெல்லாம் கண்டது என்று உங்கள் தாய் தகப்பனைக் கேட்டுப் பாருங்கள். வலியில் கிடக்கிற பெண்ணின் காதில் அந்தச் சொல் விழ வேண்டாம் என்று நான் ‘கரண்டி’ என்றே சொல்லி வந்தேன். டொக்டர்மாரும் கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். கரண்டி என்றால் ஆட்களுக்குச் சோறு கறிதானே நினைவுக்கு வரும்.

இனி இரும்பு. இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

பிள்ளை பெறப்போகிறவளுக்கும் பெற்றவளுக்கும் பக்கத்தில் இங்கே ஓர் இரும்புச் சாமான் வைப்பார்கள். காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்கத்தான். தலைமாட்டில் கத்தி இருக்கும், இல்லாவிட்டால் பாக்குவெட்டி இருக்கும், ஒன்றும் அகப்படாத வீட்டில் ஒரு பெரிய ஆணியாவது இருக்கும். நீங்கள் பாயைத் தூக்கும்போது அது கையில் தட்டுப்படும். துருப்பிடித்துப் போயிருக்கும். துருக் காயத்தால் வருகிற ஏற்புவலியைப் பற்றியும் அதன் ஊசியைப் பற்றியும் படித்த உங்களுக்கு அதைக் கண்டதும் நெஞ்சு பதறும். எனக்கும் பதறியதுதான். பதற்றத்தில் கையை நீட்ட முதல் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் நெடுந்தீவில் வேலை செய்த காலத்தில் சுகந்தி என்ற பிள்ளை என் பொறுப்பில் இருந்தாள். புருஷன் கொழும்பில் கடையில் நின்றான். அவளோடு இருந்தது அவளுடைய தாய் மணியக்கா. இரண்டு பேரும் மாதா மாதம் தவறாமல் நிறை நிறுத்துக்கொண்டு போக வருவார்கள். சுகந்திக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை, அவள் கலியாணம் செய்து போன ஊரில், வேறோர் ஆஸ்பத்திரியில், வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் குழந்தை தங்கவில்லை. பிறவியிலேயே இருதயம் பலவீனம்.

மணியக்கா இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லுவா. மகளின் தலையணைக்குக் கீழே அவ ஒரு பாக்குவெட்டி வைத்திருந்தாவாம். கட்டில் விரிப்பு மாற்ற வந்த தாதி ஒருத்தி அதை இரண்டு விரலால் தூக்கி, ஊத்தை என்று சொல்லி யன்னலோரம் எறிந்துவிட்டுப் போனாளாம். அடுத்த நாள் பிள்ளை போய்விட்டது. இருதயத்தைப் பற்றி டொக்டர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். நானும் படம் கீறிக் காட்டினேன். மணியக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினா. ஆட்டிவிட்டு, “நீங்கள் சொல்லுறது சரி மிஸ்ஸி. ஆனா எடுத்தெறிஞ்ச அந்தக் கையை நான் மறக்கேல்லை” என்றா.

அதற்கு மேல் நான் படம் கீறவில்லை.

முதல் பிள்ளையை வெட்டி எடுத்த தாய்க்கு இரண்டாவதில் பிரசவ நோ கூடினால் பழைய காயம் பிரியலாம், தாயும் பிள்ளையும் இரண்டுமே போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நாளுக்கு முன்னரே யாழ்ப்பாணம் போய் உறவினர் வீட்டில் தங்குவதென்று முடிவெடுத்து வைத்திருந்தோம். பிள்ளைக்கு எங்கள் முடிவு தெரியாதே. பெட்டி கட்டுவதற்கு முதலே ஒரு மத்தியானம் சுகந்திக்கு நோ தொடங்கிவிட்டது. சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிற காலம். நோயாளரை ஏற்றுகிற படகு பாம்பு கடித்த ஒருவரோடு கொஞ்சம் முன்னர்தான் போயிருந்தது. அது திரும்பும் வரை காத்திருக்க முடியாது, கிடைக்கிற படகில் உடனே கொண்டுபோங்கள் என்றார் டொக்டர். யோகன் என்ற மீன்பிடித் தொழிலாளி தன்னுடைய ஃபைபர் படகைத் தந்து தானே ஓட்டவும் வந்தான். இப்படியான நேரத்தில் தீவு ஆட்கள் இரண்டாம் பேச்சுப் பேசமாட்டார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் நாலு பேர். நடுவில் மெத்தை விரித்துச் சுகந்தியை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்தினோம். மணியக்கா அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தா. நான் காற்பக்கம் பையோடு இருந்தேன். யோகன் பின்னால் எஞ்சினில். சுகந்தியின் தலைக்குக் கீழே துவாய்ச் சுருட்டுக்குள் ஏதோ கட்டியாகத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. அதே பாக்குவெட்டிதான் என்று எனக்குத் தெரியும்.

புங்குடுதீவுப் பக்கக் கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரம் எஞ்சின் ஒருமுறை உறுமி நின்றுவிட்டது. யோகன் எஞ்சினைச் சரித்துத் தூக்கினான். அறுந்து மிதந்த நைலோன் வலையொன்று தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியில் சுற்றி, கல்லுப்போல இறுகிக் கிடந்தது. அவன் கத்தியை எடுத்துக் குனிந்து அறுக்கத் தொடங்கினான். பாதி அறுத்திருப்பான், ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. அவன் விழாமல் இருக்க எஞ்சினைப் பிடித்தான். கத்தி கடலுக்குள் போய்விட்டது.

வேறு கத்தி இருக்கவில்லை. மீன் வெட்டுகிற பெரிய கத்தி வழக்கமாகப் படகிலேயே கிடக்குமாம். கர்ப்பிணியை ஏற்றுகிற படகு என்று கழுவித் துடைத்தபோது அதையும் கரையில் எடுத்து வைத்திருக்கிறான், எங்களுக்கு மணக்கக்கூடாது என்று. திருகு சாவியால் காற்றாடியைக் கழற்றலாம் என்றால் கழற்றுகிற இடமே வலைக்குள் புதைந்து கிடந்தது. நங்கூரம் போட்டான், அடியில் பிடிக்காமல் இழுபட்டது. போனில் கரைக்குச் சொன்னோம். இன்னொரு படகு புறப்படுகிறது என்றார்கள். காற்றோ எங்களைக் கடலடியில் கல்லுப் பார் இருக்கிற பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அலை அங்கே வெள்ளையாக உடைவது தெரிந்தது. சுகந்திக்கு நோ நெருங்கி நெருங்கி வந்தது.

என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. கொப்பூழ்க்கொடி வெட்டுகிறது, அவித்து, சுற்றி, முத்திரை ஒட்டி வைத்தது. பொதியை உடைக்காமலே யோகனுக்குக் காட்டினேன். அவன் வலையைத் தட்டிக் காட்டி, இந்த முறுக்குக்கு உது காணாது மிஸ்ஸி, வாய் பிளந்துபோகும் என்றான். பிறகு அவனுடைய கண் மணியக்காவின் மடிக்குப் போனது. அவனும் அந்த ஊர்க்காரன்தானே, துவாய்க்குள் என்ன இருக்கும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

“அக்கா, பாக்குவெட்டி இருந்தாத் தாங்கோ. அதால நெரிச்சு வெட்டலாம்.”

மணியக்கா துவாயின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டா. “ஏலாது” என்றா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். படகு கல்லில் அடித்தால் காத்தும் கறுப்பும் வந்தா கொல்லப்போகிறது? பறித்தெடுக்க எனக்கு ஒரு நொடி போதும், மணியக்கா என்னைவிட மெலிந்த மனுசி. என் கை நீண்டும் விட்டது. அந்தக் கையை நானே பார்த்தேன். யன்னலோரம் எறிந்த கை என்று அவ சொன்ன கை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதில் இரக்கத்தைவிடக் கணக்குப் பார்த்ததே அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். சுகந்தியை முக்கவிடக்கூடாது. மூச்சை வாயால் விடவைக்க வேண்டும், இடப்பக்கச் சரிவு குலையாமல் வைத்திருக்க வேண்டும். அலைக்குள் நான் ஒருத்தி அதைச் செய்ய முடியாது. அதுவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது தாயின் குரலைத்தான். நான் அந்த இரும்பைப் பறித்தால் தாய் கத்துவா, மகள் பயத்தில் முக்குவாள். பாக்குவெட்டி கிடைத்தாலும் சுகந்தி கிடைக்கமாட்டாள்.

நான் கத்தரிக்கோல் பொதியை உடைத்தேன்.

உடைத்தால் அது சுத்தம் கெட்டுவிடும், படகிலேயே பிள்ளை பிறந்தால் கொடி வெட்ட வேறு கத்தரிக்கோல் இல்லை. அதையும் யோசித்துத்தான் உடைத்தேன். கொடியைக் கட்டிவிட்டு, வெட்டாமல், பிள்ளையையும் நச்சுக்கொடியையும் ஒன்றாகச் சுற்றிக் கரைக்குக் கொண்டுபோகலாம். அந்த வழி எனக்கு இருந்தது. யோகனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கத்தரிக்கோலை மணியக்காவின் முன்னால் நீட்டி, இதைத் தலைமாட்டில் வையுங்கோ, அதை அவனிடம் கொடுங்கோ என்றேன். இரும்பு ஒரு நொடிகூட விலகாது, முதல் இதை வைத்துவிட்டுப் பிறகு அதை எடுங்கோ என்றும் சொன்னேன்.

அவ கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பளபளவென்று இருந்தது. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. துருப் பிடிக்காத சாமான் இரும்பு ஆகுமோ என்று அவவுக்குச் சந்தேகம். அந்த அலைக்குள், அந்தக் கல்லுக்குக் கிட்ட, உருக்கு என்பதும் இரும்புதான் என்று நான் அவவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது.

முடித்து வைத்தது சுகந்தி. ஒரு நோ விட்டு அடுத்த நோ பிடிக்கிற இடைவெளியில் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, குடுங்கோ. மிஸ்ஸியின்ர கத்தரிக்கோல் எத்தினை பிள்ளையளைக் கண்டது. உந்தப் பாக்குவெட்டி ஒண்டைத்தான் கண்டது, அதுவும் தங்கேல்லை.”

மணியக்கா கத்தரிக்கோலைத் துவாய்க்குள் செருகினா. பிறகு பாக்குவெட்டியை எடுத்து என் கையில் தந்தா.

யோகன் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வலையைப் பிரிபிரியாக நெரித்து வெட்டினான். நான் ஒரு கையால் அவனுடைய இடுப்புச் சாரத்தை இழுத்துப் பிடித்திருந்தேன், மற்றக் கை சுகந்தியின் வயிற்றில். மணியக்கா மூச்சுச் சொல்லிக்கொடுத்தா. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, விடு, மெல்ல விடு, இன்னும் விடு என்று. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வலை கழன்று எஞ்சின் பிடித்தபோது தண்ணீருக்குள் கல் தெரிகிற தூரத்தில் நின்றோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. யோகன் பாக்குவெட்டியைச் சாரத்தில் துடைத்து மணியக்காவிடம் கொடுத்தான். காற்றாடியில் பட்டு அதன் வாய் ஒரு பக்கம் உடைந்திருந்தது. இனி என் கத்தரிக்கோல் திரும்பிவிடும் என்று நான் பார்த்தால், அவ இரண்டையும் சேர்த்துத் துவாய்க்குள் வைத்துச் சுற்றினா. கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சுகந்தியைப் பொறுப்புக் கொடுக்கும்போது நாடி, நோ, பழைய காயம் எல்லாம் சொல்லிவிட்டு, “தலைமாட்டில கத்தரிக்கோல் ஒண்டு இருக்கும். என்ரைதான். இருக்கட்டும்” என்றும் சொன்னேன். பொறுப்பெடுத்த தாதி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தா. சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்போது அந்தத் துவாயைத் தானே எடுத்து மணியக்காவின் கையில் கொடுத்து, வாசலிலேயே வைத்துக்கொண்டு நில்லுங்கோ அம்மா என்றாவாம். இதைப் பின்னர்தான் கேள்விப்பட்டேன். அவவை இப்போதும் நினைப்பதுண்டு.

பெண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

நான் புதுக் கத்தரிக்கோல் கேட்டபோது பழையது எங்கே என்றார்கள். கடன் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாருக்கு என்று கேட்டார்கள். பிள்ளை பெற்ற ஒருத்தியின் காவலுக்கு என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முப்பத்தோராம் நாள் கழித்து, பிள்ளை பெற்ற வீட்டுத் தொடக்கு எல்லாம் போன பிறகு, மணியக்கா என்னைத் தேடி வந்தா. குழந்தையின் நிறை, பால் குடி, மகள் சாப்பிடாத கதை எல்லாம் சொன்னா. பாக்குவெட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். வாய் உடைந்த சாமானால் பாக்கு வெட்ட முடியாது, யாழ்ப்பாணம் போகும்போது புதிது ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

“பல்லுப் போனாலும் காவலுக்கு என்ன குறை” என்று சிரித்தா. பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலம் எடுத்தா. வெள்ளைத் துணி, நாலாக மடித்துச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவ பொட்டலத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தா.

“துணியோட பிடியுங்கோ, மிஸ்ஸி. புதுச் சட்டியில, கொதிக்கக் கொதிக்க அவிச்சனான். கையால தொடேல்லை. அகப்பையாலதான் தூக்கினனான். அடுத்த பிள்ளைக்கு வேணுமெல்லோ.”

அவிக்கச் சொல்லி அவவுக்கு யாரும் சொல்லவில்லை. மாதா மாதம் என் அறைக்கு வந்து குந்தியிருந்த நேரங்களில் நான் சாமான் அவிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. அது என்னுடைய காவல் என்று விளங்கி வைத்திருந்திருக்கிறா.

துணியோடு இரண்டு கையாலும் வாங்கி, அவ பார்க்கவே, சுத்தமான சாமான்கள் இருக்கிற அலுமாரியில் வைத்தேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனா. அவ படலையைத் தாண்டி, ஒழுங்கையின் கல்வேலி மறைக்கும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன்.

பிறகு உள்ளே வந்து, பொட்டலத்தைப் பிரித்து, முறைப்படி திரும்பவும் அவித்தேன்.